காணாக்கடி

மைனஸ் பதினேழு.
கொசுவெல்லாம் ஏரிக்கு அடியில்
முட்டையாய்க் கிடக்கிற மாதம்.
ஆனாலும் பதினோராவது நிமிடத்தில்
கழுத்தில் முதல் கடி.
பிறகு மார்பு, முழங்கை மடிப்பு,
சறுக்குக் கோலைப் பிடித்த மணிக்கட்டு.
கடித்தது எது என்று தேடினால்
உறைந்த ஏரியில்
நான் மட்டும்தான் நிற்கிறேன்.

டாக்டர் ஹெல்வி என்னை
எங்கும் போகாத ஒரு சைக்கிளில் ஏற்றினார்.
ஜன்னலுக்கு வெளியே கூப்பியோ துறைமுகம்,
பனிக்குள் மாட்டிக்கொண்ட படகுகள்.
"மிதியுங்கள். வரட்டும்."
வந்தது.
பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்து அளந்தார்:
இரண்டு மில்லிமீட்டர், மூன்று,
சுற்றிலும் சிவப்பு.
நாற்பத்தொரு வயதில் என் வெட்கத்துக்கு
முதன்முறையாக ஓர் அளவு கிடைத்தது.

இரவில் ஒரு மாத்திரை என்றார்.
தனியாக ஓடாதீர்கள்.
உதடு தடித்தால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால்
அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள்,
அந்த இடத்தில் ரோஷம் வேண்டாம்.
மற்றபடி வியர்வையைப் பழக்க வேண்டும்,
மிரளும் குதிரையைப் பழக்குவதுபோல்,
கொஞ்சம் கொஞ்சமாக.

நான் பஸ் ஓட்டுகிறவள்.
ஏழாம் எண், மருத்துவமனை வழி.
ஹீட்டரைக் குறைத்தால் பயணிகள் முறைப்பார்கள்.
முறைத்தால் எனக்குக் கோபம் வரும்.
கோபம் வந்தாலும் அதே தடிப்புதான்,
சட்டைக் காலருக்குக் கீழே
ஊசி ஊசியாக.
உடம்புக்கு ஓட்டமும் தகராறும் ஒன்று.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.
நவம்பர்: பதினோரு நிமிடம்.
டிசம்பர்: பதினான்கு. கம்பளிக்குப் பதில் பருத்தி.
ஒரு நாள் ஒன்பது, காரணம் தெரியவில்லை.
ஜனவரி: கழுத்தில் ஈரத் துண்டு, இருபது.
அதற்குப் பக்கத்தில் ஒரு கண்டுபிடிப்பு:
காலையில் ஒருமுறை வந்துபோனால்
மாலைவரை தோலுக்கு மறதி.
எல்லாருக்கும் அப்படி இல்லையாம்.
எனக்கு உண்டு.

ஆகவே பந்தய நாள், விடியற்காலை ஐந்து மணி.
மூன்று ஸ்வெட்டர், குல்லாய்.
ஆறு மாடிப் படிகளில் ஏறி இறங்கினேன்.
ஐந்தாம் மாடி ஆர்மாஸ் கதவைத் திறந்தார்.
"தீயா?"
"இல்லை. இன்றைய கடியை
இப்போதே செலவழிக்கிறேன்."
கொஞ்சம் யோசித்தார்.
வேறு எதுவும் கேட்கவில்லை.
நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு
பைஜாமாவோடு உட்கார்ந்துகொண்டார்.
எட்டாவது சுற்றில்
என் முகம் பட்டாணி கொட்டியதுபோல் ஆனபோது
தண்ணீர் நீட்டினார்.
நாய் அவர் காலடியில் தூங்கிவிட்டது.

முப்பது கிலோமீட்டர்.
பத்து, ஒன்றுமில்லை.
பதினெட்டில் வியர்வை முதுகில் இறங்கியது,
சத்தமில்லாமல்,
மற்றவர்களுக்கு இறங்குவதுபோல.
இதுதானா, இதைத்தானா இவர்கள் எல்லாரும்
சட்டையில் துடைத்து எறிகிறார்கள்?
இருபத்திரண்டில் இடது மணிக்கட்டில்
ஒன்றே ஒன்று.
கையுறையை இறக்கிவிட்டு
குளிர்காற்றுக்குக் காட்டினேன்.
வேகத்தைக் குறைத்தேன். அது பெருகவில்லை.
இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சேர்ந்தோம்,
நூற்றுப் பதினான்காம் இடம்.

பிறகு சவுனா.
இந்த ஊரில் சவுனாவை மறுப்பது
பந்தியில் பாதியில் எழுவதுபோல.
இருபது வருடமாகத் தலைவலி என்று சொல்லிவந்தேன்.
இன்று கதவோரம், அடிப்பலகையில் உட்கார்ந்தேன்.
கெர்ட்டு கரண்டியில் தண்ணீரை அள்ளி
ஊற்றாமல் என்னைப் பார்த்தாள்.
"ஊற்று."
கல் சீறியது.
நூற்றுநாற்பது வரை எண்ணினேன்,
அதற்குமேல் பேராசை.

வெளியே, பனியில் கால் பதிய நின்று,
"யாராவது என் முதுகைப் பாருங்களேன்" என்றேன்.
ஈர்யா குனிந்து பார்த்தாள், வெகுநேரம்.
"ஒன்று இருக்கிறது."
பிறகு விரலால் தொட்டு,
"இல்லை, இது மச்சம்."