குணம் என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பு

வுப்பர்டால், பார்மன். இளையோர் நல அலுவலகம், மூன்றாம் மாடி.
சன்னலுக்கு வெளியே ஆற்றின் மேலே
தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
கிளாசில் தண்ணீர் நடுங்குவதாக எனக்குத் தோன்றும்.

சத்தியம் செய்து பெற்ற தொழில் இது:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், யார் பக்கமும் சாயமாட்டேன்.
மணிக்கு எண்பத்தைந்து யூரோ, பயணச் செலவு தனி.

இடப்பக்கம் தகப்பன், பேரின்பநாதன்,
ரொட்டித் தொழிற்சாலையில் இரவுவேலை முடித்து நேரே வந்தவர்.
காதோரம் இன்னும் மா.
பக்கத்தில் தாய், கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.
எதிரே பெடியன். நிவேதன். பதினேழு.
இடது மணிக்கட்டில் சிவந்த கோடு.
இறப்பர் வளையம்:
நினைப்பு வரும்போதெல்லாம் தானே இழுத்து விடவேண்டும்.
நாலு சனிக்கிழமை, கிரேஃபெல்டில் ஒரு நிலக்கீழ் அறையில்.

எதற்காக அனுப்பினீர்கள் என்று கேட்டார்
அதிகாரி திருமதி ஒஸ்டெர்காம்ப்.
தகப்பன் சொன்னார்:
"அவனைக் குணமாக்கத்தான்."

இருபது வருஷம் சொல் மாற்றிச் சாப்பிட்டவள்
அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.
காய்ச்சல் விட்டால் குணம்.
ஆள் தங்கமான ஆள் என்றால் அதுவும் குணம்.
மிளகு உறைப்பது மிளகின் குணம்.
நோய் போவதற்கும்
போகவே போகாமல் ஒருவனுக்குள் இருப்பதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி என்னுடையது.
ஜெர்மனில் அதற்கு இரண்டு கதவு.
ஒன்றைத் திறந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு குறிப்புச் சொல்ல விரும்புகிறார்,"
என்றேன், விதிப்படி, என்னையே வேற்றாளாக்கி.
அவர் பொறுமையாகக் கேட்டார்.
பிறகு திரையில் ஒரே ஒரு வினையைத் தட்டினார்:
நோய் தீர்ப்பது.

சட்டத்தை அவர் வாசிக்க வாசிக்க நான் தமிழில் சொன்னேன்.
பதினெட்டு நிறையாத ஒருவரின் நாட்டத்தை
மாற்றவோ அடக்கவோ சிகிச்சை செய்யக் கூடாது,
விளம்பரம் கூடாது, ஆள் பிடித்துக் கொடுக்கக் கூடாது.
மீறினால் ஓராண்டு வரை சிறை.
'நாட்டம்' என்றபோது தாய் நிமிர்ந்தாள்.
வீட்டில் அதற்குப் பெயர் 'அந்தப் பிரச்சினை'.
"இது நல்ல சொல்லோ, தங்கச்சி?"
அதையும் நான் ஜெர்மனில் சொல்லத்தான் வேண்டும்.
ஆம், என்றார் அதிகாரி.

"எங்களைப் பிடிப்பினமோ?"
பெற்றோர் என்றால், கடமையை மோசமாக மீறியிருந்தால் மட்டும்.
மோசம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.
பொன்னெழுத்து, புறா, கைபேசி இலக்கம்,
'இளையோருக்குப் பூரண குணம்.'
கூடவே நாலு ரசீது, ஒவ்வொன்றும் அறுபது.
"வையுங்கோ. தேவைப்படும்."
தகப்பன் அவளைப் பார்த்த பார்வையை
மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நிவேதனுக்கு நான் தேவையில்லை. நேரே ஜெர்மனில் பேசினான்.
"பதினொரு கிழமையில் எனக்குப் பதினெட்டு.
அதற்குப் பிறகு வா, நீயே விரும்பிக் கையெழுத்துப் போடலாம்
என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார்.
அன்றைக்கு உங்கள் சட்டம் எங்கே போகும்?"

அதிகாரி தாளைப் புரட்டினார்.
ஏமாற்றியும் மிரட்டியும் வாங்கிய சம்மதம் சம்மதமல்ல,
அதுவும் எழுதியிருக்கிறது, என்றார்.
ஒரு ரயில் போகும்வரை பொறுத்து,
ஆனால் நீ வந்து சொல்லவேண்டும், என்றார்.

அதைப் பெற்றோருக்கு நான் சொல்லி முடித்தபோது
தகப்பன் காதோரத்தைத் துடைத்தார். மா விரலில் வந்தது.
விரலைப் பார்த்துக்கொண்டே,
"சின்னனிலேயே இவனுக்கு இந்தக் குணம்.
கேட்டதுக்குப் பதில் வரும்வரை அசையமாட்டான்."

இந்த முறை எனக்கு மற்றக் கதவு வேண்டியிருந்தது.
திறந்தேன்.
இரண்டு மொழியிலும் அதைக் கேட்ட ஒரே ஆள்
தலை தூக்கித் தகப்பனைப் பார்த்தான்.

இதையும் பதியவா, என்றார் அதிகாரி,
வழக்குக்குச் சம்பந்தமில்லையே என்ற குரலில்.

பதியுங்கள், என்றான்.