இடஞ்சுழிப் பேருந்து

ரரோடோங்காவுக்கு ஒரே சாலை, வட்டமாய்.
பேருந்து இரண்டு.
ஒன்றின் நெற்றியில் வலஞ்சுழி,
இன்னொன்றில் இடஞ்சுழி.
இடஞ்சுழியை ஓட்டுவது நான், ஙாமெதுவா.
ங வராத வாய்களுக்கு வெறும் மெதுவா.
மணிக்கு நாற்பதுக்கு மேல் போனதில்லை.

"என்ன பார்க்கலாம்?"
ஏறும்போதே கேட்பார்கள்,
தோலுரிந்த மூக்கோடு, ஈரத் துண்டோடு.
சில்லறையை எண்ணிக்கொண்டே சொல்வேன்.

விமான நிலையச் சுவரோரம் நில்லுங்கள்.
தலையை உரசுகிறாற்போல் விமானம் இறங்கும்.
தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்;
பிடிக்காதவர்களின் தொப்பிகள் கடலில்.

அடுத்தது கரும்பாறை.
பிள்ளைகள் அதன் உச்சியேறித் தண்ணீரில் குதிப்பார்கள்.
எங்கள் இறந்தவர்கள்
ஆவாய்க்கிக்குக் கிளம்புவதும் அங்கிருந்துதான்.
இருவருக்கும் ஒரே படி.
வரிசை கிடையாது.

ஊசிமலை மேகத்துக்குள் இருக்கிறது.
நேற்றும் இருந்தது. நம்புங்கள்.

பப்புவா அருவி:
மழை பெய்தால் அருவி,
பெய்யாவிட்டால் கொசு.

தித்திகாவேக்காவில் பவளக்கல் வெட்டிக் கட்டிய
வெள்ளைத் தேவாலயம்.
ஞாயிற்றுக்கிழமை பெண்கள் குரலெடுத்தால்
கூரை ஒரு விரற்கடை எழும்பும்.
பிறகு எல்லோருக்கும் பப்பாளித் துண்டு, தேநீர்.
நீங்கள் எந்த மதமென்று யாரும் கேட்பதில்லை,
எத்தனை துண்டு என்பதை மட்டும் கவனிப்பார்கள்.

மூரிக் கடற்கழி முழங்காலளவு.
எதிரில் உள்ள மணல்திட்டுக்கு நடந்தே போகலாம்,
கடலட்டையை மிதிக்காமல்.

வரைபடத்தில் இல்லாதது ஒன்று உண்டு.
இரண்டு பேருந்தும் எதிரெதிரே கடக்கும் இடம்.
சுற்றுக்கு இரண்டு தடவை.

வலஞ்சுழியை ஓட்டுகிறவன் அபேரா, என் தம்பி.

இங்கே வண்டிகள் இடப்பக்கம் போகும்.
அதனால் அவனுக்கு எப்போதும் கடலோரம்,
எனக்கு மலையோரம்.
நில நீதிமன்றமும் அப்படியேதான் பிரித்தது.
கடலோர மணல் அவனுக்கு;
அதில் இப்போது நான்கு குடில்கள்,
நான்கிலும் சுடுதண்ணீர்.
மலையோரச் சேம்புச் சேறு எனக்கு,
வாசலில் அம்மாவின் கல்லறையும்.

நாலு வருடம்.
ஒரு சொல் இல்லை.
ஸ்டியரிங்கை விட்டு அவன் விரல் ஒன்று எழும்.
அது கம்பெனி விதி.
என் விரல் ஒன்றும் எழும்.
எட்டுச் சுற்று, பதினாறு விரல்.

போன செவ்வாய், ஆக்லாந்துச் சிறுமி ஒருத்தி
முக்குளிக்கும் கண்ணாடியை என் இருக்கையில் விட்டுவிட்டு
மூரியில் இறங்கினாள்.
ஐஸ்கிரீம் தின்று முடித்து
வலஞ்சுழியில் ஏறியபிறகுதான் அழுகை.
ரேடியோ கரகரத்தது: "குடுத்துடு, மெதுவா."
அலுவலகத்திலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆரோராங்கியில் நிறுத்தினோம்.
நடுச்சாலை. ஜன்னலுக்கு ஜன்னல்.
பின்னால் ஸ்கூட்டர்கள், ஒரு நாய்,
எந்த அவசரமும் இல்லாத ஒரு சேவல்.
கண்ணாடியை நீட்டினேன். வாங்கினான்.
மணிக்கட்டில் புதுக் கடிகாரம்.
நான் அதைப் பார்த்ததை அவன் பார்த்தான்.
இரண்டு வண்டியிலும் போன்களை உயர்த்தினார்கள்;
எதைப் படம் எடுத்தார்களோ.

கியரைப் போட்டான்.
போட்டவன் திரும்பினான்.

"அக்கா, உன் முன்சக்கரம் கிறீச்சுன்னு கத்துது.
மூணு வளைவு தள்ளியே கேக்குது.
பிரேக்கைக் காட்டு."

பட்டறையில் விட்டால் அரை நாள் வேலை.
இன்னும் விடவில்லை.
பிடிக்கிறது, பயப்படாதீர்கள்,
சத்தம் மட்டும்தான்.

கேட்கட்டும்,
மூன்று வளைவு தள்ளியே.

நீங்கள் எங்கே இறங்கணும் என்றீர்கள்?