வெண்ணெய்ப் பெட்டிக்குப் பின்னால்

வியாழன் இரவு ஸ்லிம் வேலைக்கு வரவில்லை.
தொட்டியில் தட்டுகள் ஏறிக்கொண்டே போயின.
பதினொரு மணிக்கு ஒரு லாரிக்காரர்
காப்பியை ஊதிக்கொண்டே சொன்னார்:
"உங்க ஒல்லி ஆளை மேற்கே, நெடுஞ்சாலையில்,
போலீஸ் கார் பின்சீட்டில் பார்த்தேன்."

மேற்கே மூன்று கவுண்டிகள்.
நெப்ராஸ்காவின் அந்த மூலையில்
மூன்றுக்கும் சிறை உண்டு,
மருத்துவமனை ஒன்றுக்குத்தான்.

அடுப்பில் இறைச்சியைப் புரட்டியபடி
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கினேன்.
ஒன்றை அழுத்து என்றது. நான்கை அழுத்து என்றது.
பிறகு தூக்கத்தை மென்றபடி ஒரு பெண் குரல்:
"கைதியின் முழுப் பெயர்?"
ஸ்லிம்.
"சட்டப்படி உள்ள பெயர், மேடம். பிறந்த தேதியும்."

ஆறு வருஷம்.
அவன் முட்டையைத் தொடமாட்டான் என்று தெரியும்.
இடது காது கேட்காது,
திட்டுவதென்றால் வலப்பக்கம் போய்த் திட்டவேண்டும்.
மகள் ஒருத்தி உண்டு, டெக்சஸிலோ எங்கோ,
பேச்சுவார்த்தை இல்லை.
பிறந்த தேதி?
கேக் வெட்டியதே கிடையாது. அவனுக்குத்தான் சர்க்கரை.

சர்க்கரை என்ற சொல்லில் வாய் அப்படியே நின்றது.

குளிர் அறைக்கு ஓடினேன்.
வெண்ணெய்ப் பெட்டிக்குப் பின்னால்
'தொட்டால் கையை ஒடிப்பேன்' என்று கறுப்பு மையில் எழுதி
அவன் ஒளித்துவைத்த டப்பா.
இன்சுலின். மேலே மருந்துக்கடைச் சீட்டு:
லெமுவேல் ஆர்தர் பிக்ஸ்பி.
பிப்ரவரி இருபத்தொன்பது.
அடப்பாவி,
நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதியிலா பிறந்தாய்.

இரண்டாவது கவுண்டியில் இருந்தான்.
எரியாத பின்விளக்கு, கட்டாத அபராதம்,
போகாத வாய்தா.
ஜாமீன் அறுநூறு டாலர், ரொக்கமாக.
"வெளி மருந்து வாங்கமாட்டோம்."
சரி, உங்கள் நர்ஸை எழுப்புங்கள்.
"நர்ஸ் திங்கட்கிழமைதான்."
சரி, எழுதிக்கொள்ளுங்கள்:
சர்க்கரை நோயாளி. இரவு ஒன்பதுக்கு ஓர் ஊசி,
அது தவறிவிட்டது.
இப்போது மணி பதினொன்று நாற்பது.
சொன்னது ஓபல் க்ரெய்ன், சமையல்காரி.
உங்கள் பெயர் என்ன? எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் மௌனம்.
நாற்காலி நகரும் சத்தம்.
"இருங்கள்" என்றது குரல். இப்போது விழித்திருந்தது.

டிப்ஸ் ஜாடியைக் கவிழ்த்தோம், நூற்றுப் பன்னிரண்டு.
ரோண்டா மகனின் பல் கம்பிக்குச் சேர்த்த நூற்றைம்பது.
யுசேபியோ எண்ணாமல் நீட்டியது எண்பத்து மூன்று.
மீதி என் வாடகை.
முதலாளியிடம் கேட்கவில்லை.
கேட்டால் கொடுத்திருப்பார்,
அப்புறம் சாகும்வரை அதைப் பற்றியே பேசியிருப்பார்.

ஐம்பது மைல். பனி இல்லை, காற்று மட்டும்.
சிறை வாசலில் பணம் விழுங்கும் இயந்திரம்
எண்ணெய் பிடித்த எங்கள் நோட்டுகளைத் துப்பியது.
பாண்டில் தேய்த்துத் தேய்த்து
ஒவ்வொன்றாக ஊட்டினேன், குழந்தைக்குப் போல.
கடைசி அஞ்சு டாலரை மூன்று தரம் துப்பியது.

மூன்று இருபதுக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது.
பேருந்து இல்லாத ஊரில், அந்த நேரத்தில்தான்
ஆட்களை வெளியே விடுகிறார்கள்.
நாடா இல்லாத ஷூ. கையில் பிளாஸ்டிக் பை.
"லெமுவேல்" என்றேன்.
திரும்பவில்லை.
காதா, பெயரா, தெரியவில்லை.
வலப்பக்கம் போய் "ஸ்லிம்" என்றேன்.

"ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ்காரன் வந்து குத்தினான்" என்றான்.
"யாரோ சத்தம் போட்டார்களாம்."
நான் வண்டியைக் கிளப்பினேன்.
உள்விளக்கு வெளிச்சத்தில்
ஷூ ஓட்டைகளுக்குள் நாடாவைக் கோத்தான், நடுங்கும் விரல்களால்,
ஒரு ஓட்டையை விட்டுவிட்டு, பிரித்து, மறுபடி.

பதினைந்து மைல் தாண்டித்தான் கேட்டான்:
"தட்டெல்லாம் யார் கழுவினது?"
ஒருத்தரும் இல்லை.
"நல்லது" என்றான், சிரிக்காமல்.
"உங்களுக்கு வெந்நீர் அளவு தெரியாது."