கழித்தல் குறி

ரியாச்சுவெலோ என்றால் சிற்றாறு.
பேரைக் கேட்டால் குடத்தில் மொண்டுவிடலாம் போலிருக்கும்.
புவெனஸ் ஐரிஸின் தென்விளிம்பில், தோல் ஆலைகளுக்குப் பின்னால்
அது தார் காய்ச்சி ஊற்றியதுபோல் கிடக்கிறது.
கிடக்கிறதா, ஓடுகிறதா,
அதைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

முதல் நாள் சுழல்மானியை இறக்கினோம்.
மூன்றாம் நிமிடம் நின்றது.
தூக்கிப் பார்த்தால் இறக்கையில்
தலைமுடி, பால் உறை, ஒரு கைக்கடிகார வார்.

அதனால் ஆரஞ்சு.
முக்கால்வாசி முழுகும். காற்றுக்கு அவ்வளவாக அசையாது.
அந்தக் கறுப்பில் கண்ணுக்குத் தப்பாது.
சந்தையில் வாடியது மலிவு.

மேல் கயிற்றடியில் படகில் இபார்ரா.
போடட்டுமா என்று கேட்காமலே போடுவார்.
இருபது மீட்டர் கீழே நான் கையைத் தூக்குவேன்.
பாலத்தில் ஒதீலியா விநாடிகளை எண்ணுவாள்.
வந்ததைப் புள்ளி எட்டு ஐந்தால் பெருக்க வேண்டும்:
மேலே ஓடுவதுபோல் அடியில் ஓடுவதில்லை,
எந்த ஆறும்.

தகர வேலிக்கு அப்பால் தெல்மீரா
துணி காயப்போட்டபடி பழங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
"ஒன்பது," என்றாள்.
"போன வருஷம் பிள்ளைகள் ரத்தத்தில் ஈயம் அளந்து போனார்கள்.
தாள் இன்னும் வரவில்லை.
இப்போது ஆற்றுக்குப் பழம்."
என்னிடம் பதில் இல்லை. நேரம் குறித்தேன்: 11.40.

பத்தாவது பழம் பாதி வழியில் நின்றது.
எதிலோ சிக்கியது என்று நினைத்தேன்.
மெல்ல ஒருமுறை தன்னையே சுற்றி
வந்த வழியே போனது,
கயிற்றைத் தாண்டி, படகைத் தாண்டி,
கசாப்புக் கூடங்களின் பக்கமாக.
கூடவே நுரை, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு.
காலையில் வழியனுப்பி வைத்ததெல்லாம்
முகவரி மறக்காமல் திரும்பின.

தென்கிழக்குக் காற்று என்றார் இபார்ரா, காலரைத் தூக்கிவிட்டு.
முகத்துவாரத்தில் பெரிய ஆறு நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினால்
சின்னது என்ன செய்யும்.

படிவத்தில் வேகம் என்ற கட்டத்தில்
கழித்தலுக்கு இடமில்லை.
போன மாதமும் அலுவலகம் திருப்பி அனுப்பியது:
பிழை. மறுபடி அளக்கவும்.

"இதற்கா இத்தனை பேர்?" தெல்மீரா.
"காற்று திரும்பினால் என் கழிப்பறையில் தண்ணீர் ஏறும்."
எவ்வளவு என்று கேட்டேன்.
கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.
முழங்காலுக்கு நான்கு விரல் கீழே.
போன ஜூனில்? இடுப்பு.
அதற்கு முன்?
அவள் சொல்லச் சொல்ல
குறிப்பு என்ற பகுதியில் என் எழுத்து
சிறுத்துக்கொண்டே வந்தது.

ஒதீலியா இறங்கி வந்தாள்.
எண்ணைக் கட்டத்துக்குள்ளும்
குறியைக் கோட்டுக்கு வெளியேயும் போட்டாள்.

பையில் மிச்சம் இரண்டு பழம்.
தெல்மீரா ஒன்றை வாங்கி, அழுத்திப் பார்த்து,
சக்கை என்று
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.