எண்ணிப் போட்ட மூன்று

முதல் சனிக்கிழமை ஒரு தாள் கொடுத்தார்கள்.
பன்னிரண்டு வாக்கியம், ஒவ்வொன்றின் எதிரிலும் ஐந்து கட்டம்.
புதியவர்களிடம் தயங்காமல் பேசுவேன்.
பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிப்பேன்.
தெரியாததைத் தெரியாது என்பேன்.
மெல்பின் எல்லாவற்றுக்கும் ஐந்தில் டிக் போட்டான்,
மழைக்கு முன் கொடித்துணி எடுக்கிறவன் வேகத்தில்.

அவனுக்குப் பதினேழு, எனக்கு இருபத்து நான்கு.
தக்கலையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில்
நரம்பு தேடி ஊசி குத்துவது என் வேலை.
மேலாளரிடம் ஒருநாள் லீவு கேட்க
இரண்டு நாள் ஒத்திகை பார்ப்பவள் நான்.
மென்டார் என்று எழுதிய அட்டையை
என் கழுத்தில் மாட்டியவர்கள்
இதைக் கேட்கவே இல்லை.

"பேச்சிப்பாறைக்கு அடுத்த பஸ் எப்பன்னு கேட்டுட்டு வா."
நேரக் காப்பாளர் ஜன்னல் வரை போனான், திரும்பினான்.
மறுபடி போனான்.
மூன்றாம் தடவை, பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த
கண் சிகிச்சை முகாம் நோட்டீஸை முழுதாகப் படித்துவிட்டு வந்து
"அஞ்சரைக்கு உண்டாம்" என்றான்.
பொய் என்று தெரியும்.
அஞ்சரை ஆனது. ஆறானது.
தூணருகே நின்றோம், பேசவில்லை.
ஆறேகாலுக்கு வந்த பஸ்ஸின் படியில் ஏறிக்கொண்டே
"நான் கேக்கேல்ல எக்கா" என்றான்.
அதுதான் எங்கள் முதல் பாடம்.
என் கையேட்டில் அது இல்லை.

விடியுமுன் நெற்றியில் லைட் கட்டி
அப்பாவோடு பால்வெட்டப் போகிறவன்.
ரப்பர்ப் பட்டையில் நூல் பிசகாமல் கத்தி இழுக்கும் அந்தக் கை
வங்கிச் சலானில் நடுங்கியது.
தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில்
ஆயிரத்து நானூறு பிழையாகிவிட
தாளைச் சுருட்டிப் பாக்கெட்டில் ஒளித்தான்.
இன்னொன்று கேள் என்றேன்.
"திட்டுவாவ."
திட்டினா?
யோசித்தான். அந்தக் கேள்விக்கு அப்புறம்
என்ன இருக்கிறது என்று
அவன் அதுவரை போய்ப் பார்த்ததில்லை.
திட்டினார்கள்தான். சலானும் கொடுத்தார்கள்.

எல்லாச் சனியும் இப்படி இல்லை.
ஐப்பசி மழையில் மூன்று வாரம் அவன் வரவில்லை.
ஒரு வாரம் நான் போகவில்லை, காரணமும் பொய்.
கூட்டாளிக்கு பைக் தர மாட்டேன் என்று
சொல்லிப் பழகினோம், நான் கூட்டாளியாக நடித்து.
என் கெஞ்சலில் மனமிளகி
இல்லாத பைக்கின் சாவியை
என் கையில் கொடுத்துவிட்டான்.
சிரித்துச் சிரித்து
ஹாலைப் பூட்ட வந்த ஆள் கோபித்துக்கொண்டார்.

மார்கழியில் நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்,
பயிற்சி ஆள் தேர்வு.
மூன்று கேள்வி கேட்டார்களாம்.
இரண்டுக்குப் பதில் சொன்னானாம்.
மூன்றாவதுக்கு "தெரியாது சார்" என்று
தலை குனியாமல் சொன்னானாம்.
போனில் இதைத்தான் முதலில் சொன்னான்.
வேலை கிடைக்கவில்லை என்பதை
ஏதோ மறந்த சாமான் போலக் கடைசியில் சேர்த்தான்.

பங்குனியில் அதே தாள், அதே கட்டங்கள்.
இந்த முறை அரைமணி நேரம் எடுத்தான்.
பேனா மூடியைக் கடித்தான். ஒரு டிக்கை அடித்துத் திருத்தினான்.
மூன்று, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று.

கிளாடிஸ் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
"வரைபடம் கீழ போகுதே,
மேலிடத்துக்கு என்னன்னு அனுப்ப?
பையனிடம் பேசி வேற தாள் வாங்கிடேன்."
வாய்வரை வந்தது சரி மேடம்.
எத்தனையோ சரி மேடம் போன வழி அது.
"இதையே அனுப்புங்க" என்றேன்.
குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. பரவாயில்லை.

அவனிடம் ஏன் என்று கேட்டேன்.
"அன்னைக்குப் போட்ட அஞ்சு சும்மா, எக்கா.
இது எண்ணிப் போட்ட மூணு."

சாயந்திரம் பஸ் ஏறினான்.
நூறு ரூபாயை வாங்கிய கண்டக்டர்
டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு
முன்பக்கம் நகர்ந்தார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
எழுந்தான், கம்பியைப் பிடித்தான்,
கூட்டத்தை விலக்கி அவர் பின்னால் போனான்.
வாய் அசைந்தது. அவர் திரும்பினார்.

பஸ் வளைந்துவிட்டது.
பாக்கி கிடைத்ததா தெரியாது.
அவன் என் பக்கம்
ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.