இடது, நடுத்தர அளவு

செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் கூடுகிறோம்
யெல் தீவின் ஊர்மன்றத்தில்,
காற்று கதவைப் பிடுங்காத வாரங்களில்.
கம்பளிக்குப் பேர்போன ஊர் இது.
ஆனால் இந்த வேலைக்குக் கம்பளி ஆகாது,
தையல் பிரித்த வடுவை உறுத்தும்.
பருத்தி நூல் கப்பலில் வருகிறது, அபர்டீனிலிருந்து.

கணக்குப் புத்தகம் என்னிடம்.
வரவு: சூப்பும் ரொட்டியும் விற்றது, அறுபத்திரண்டு பவுண்டு.
லோரி ஐஸ்பிஸ்டர் சீட்டாட்டத்தில் ஜெயித்தது, பத்து.
அவன் மனைவிக்குத் தெரியாது.
செலவு: நூல், பஞ்சு, தபால்தலை.
தபால்தலைதான் எங்களைத் தின்கிறது.

பின்னுவது என்ன என்று முதலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
"அது" என்றோம். "உருண்டை" என்றோம்.
பாதிரியார் எட்டிப் பார்த்தபோது
"தேநீர்க் கெண்டிக்குக் குல்லாய்" என்றாள் தெல்மா.
"அப்படியானால் எனக்கும் ஒன்று" என்றார் அவர்.
அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான்
முலை என்ற சொல் மேசைக்கு வந்து
பிஸ்கட் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்தது.
பிறகு எழுந்து போகவேயில்லை.

காம்பு வைப்பதா வேண்டாமா என்று
ஒரு மாலை முழுக்க வாதம்.
கை தூக்கி எண்ணினோம்: வைக்கலாம் ஏழு, வேண்டாம் நான்கு.

அபர்டீன் அலுவலகம் சீட்டுகளின் நகல் அனுப்பும்.
பெயரைக் கறுப்பு மையால் அடித்திருப்பார்கள்.
வலது, பெரியது.
இரண்டும், சிறியது, நீச்சலுக்கு.
நிறம் எதுவானாலும் சரி, ரோஜா மட்டும் வேண்டாம்,
ஆஸ்பத்திரியில் எல்லாமே ரோஜா.

பிப்ரவரியில் ஒன்று வந்தது.
இடது, நடுத்தர அளவு, சுற்றளவு 37.
கொஞ்சம் கனமாக இருக்கட்டும், இங்கே காற்று அதிகம்.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும்.
ஓஸ்லாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.
பதினொரு வருடத்துக்கு முன்
அவள் வீட்டுச் செம்மறிக் கிடா சுவர் தாண்டியது.
நாசமான முட்டைக்கோசு எழுபத்தேழு.
அடுத்த வீட்டு இங்கா எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும்
இடுப்பில் கோடு போட்ட இரண்டு ஏழுகள்.

ஓஸ்லா சீட்டை எடுத்தாள், மடித்தாள்,
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய முகமாக அது இல்லை.

மூன்று தரம் பின்னி மூன்று தரம் பிரித்தாள்.
மூன்றுமே எனக்குச் சரியாகத்தான் பட்டன.
கனத்துக்கு நாங்கள் கண்ணாடி மணி போடுவோம்.
அவள் கரையில் குனிந்து குனிந்து
கூழாங்கல் பொறுக்கினாள்,
வெந்நீரில் போட்டெடுத்து, அடுப்பருகே உலர்த்தி,
ஒவ்வொன்றையும் துணியில் சுற்றினாள்.

பழுப்புக் காகிதம், சணல் கயிறு.
தபால் செலவு நான்கு பவுண்டு ஐந்து பென்ஸ்.
படகு, பேருந்து, பெரிய கப்பல், அபர்டீன்.
அங்கே யாரோ ஒரு பெண் முகவரி ஒட்ட,
மறுபடி பெரிய கப்பல், பேருந்து, படகு.
ஒரு கல்சுவரைத் தாண்ட
அந்தப் பொட்டலத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

மார்ச்சில், படகுத்துறை வரிசையில் இங்கா.
குளிர்காலம் முழுக்க மார்பின் குறுக்கே கட்டியிருந்த கை
இன்று கீழே தொங்கியது, காய்கறிப் பையோடு.
ஓஸ்லா பார்த்தாள்,
பின்னியவள் பார்க்கும் பார்வை:
உயரம் சரி, சரிவு சரி.
"இங்கே காற்று அதிகம்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இங்கா திரும்பவில்லை.
படகு கதவை இறக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே
"தாங்குகிறது" என்றாள்.

கிடா விவகாரம் இன்னும் தீரவில்லை.
ஏப்ரல் வரவில் ஒரு உறை இருக்கிறது:
தபால்தலைக்கு, 17 பவுண்டு.
ஏழில் கோடு இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.
பெயர் தெரியாதவர் என்றுதான் எழுதியிருக்கிறேன்.