செவ்வாய், வியாழன், இரண்டு முதல் ஐந்து வரை

முன்பு நகல் இயந்திரம் இருந்த அறை.
இப்போது ஒரு மேசை, நாலு கதிரை,
மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே
போன வருடத்துக் கைநூல், இரண்டாய் மடித்தபடி.
அந்தப் பக்கம் இசுரு, சிங்களத்தில்.
இந்தப் பக்கம் நான்.
நடுவில் ஒரே முத்திரை, ஒரே மைத்தட்டு.
அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியும்: பரவாயில்லை.
தேவைக்கு அதிகமாகவே அதைப் பாவிப்பான்.

பகுதிநேரம். மணித்தியாலக் கணக்கு.
வந்த நேரம், போன நேரம், ஒப்பம்.
கதவில் ஆலோசகர் என்று ஒட்டியிருந்தது,
மழை ஈரத்தில் உரிந்து
இப்போது சகர் மட்டும் மிச்சம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பாடம் பற்றிக் கேட்பதில்லை.
மகாபொல எப்ப விழும்,
கன்டீனில் சீனியர்மார் நிற்காத நேரம் எது,
விடுதியில் ஞாயிறு தண்ணி வருமா.
அக்கரைப்பற்று றிஸ்லியா ஒருநாள்
எதுவுமே கேட்காமல் மின்விசிறிக்குக் கீழே
கால் மணித்தியாலம் இருந்துவிட்டு
"வாறன் ராத்தா" என்று எழும்பிப் போனாள்.
அதையும் தாளில் எழுதினேன்:
ஆலோசனை, பதினைந்து நிமிடம்.

நேற்று மூன்று மணிபோல டினுஷன், பரந்தன்.
பொருளியலை விட்டுப் புவியியல் எடுக்கவேணும் என்றான்.
என் துறை.
களனி ஆற்றில் கடல் எவ்வளவு தூரம் ஏறி வருகிறதென்று
மூன்று வருடமாகப் போத்தல் போத்தலாக அளக்கிறவள் நான்.
என் மூன்றாம் அத்தியாயம் மேற்பார்வையாளர் மேசையில்
வெசாக்குக்கு முன்னிருந்தே கிடக்கிறது.
ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
"ஏன் புவியியல்?"
"அது பன்னிரண்டோட முடியுது அக்கா.
பொருளியல் சில நாள் அஞ்சு மட்டும் இழுக்கும்.
எனக்கு நாலரைக்குக் கடை."

வெள்ளவத்தையில் கொத்துக் கடை.
படிவத்தில் ஒரு வரி: மாற்றத்துக்கான காரணம்.
"ஆர்வமின்மை எண்டு போடுங்கோ."
பேனையை எடுத்தேன்.
அவன் கொப்பி மேசையில் திறந்து கிடந்தது,
கேள்வி வளைகோடுகள் மூன்று நிறத்தில்.
ஓரத்தில் பென்சிலால், சின்னதாய்:
மா விலை ஏறினால் கொத்துக்கு என்ன நடக்கும்? சோத்துக்கு?

எழுதவில்லை.
கடைசித் திகதி வெள்ளியோடு முடிந்ததென்று சட்டம் சொன்னேன்.
அதற்குத்தான் எனக்குக் காசு.
பீடாதிபதிக்குக் கடிதம் வைத்தால் சிலவேளை,
என்றும் சொன்னேன். அதற்குக் காசில்லை.

படிவத்தை என்னிடமே விட்டுவிட்டு எழும்பும்போது கேட்டான்:
"உங்களுக்கு மணித்தியாலத்துக்கு என்ன தருகினம்?"
சொன்னேன்.
உதடு அசையக் கணக்குப் பார்த்தான்.
"கடையில இருபது ரூபா கூட அக்கா.
ராச்சாப்பாடும் இருக்கு.
ஆள் தேவை எண்டு போர்ட் போட்டிருக்கினம்."
பகிடி இல்லை. யோசித்துத்தான் சொன்னான்.
"பரவாயில்லை," என்றான் இசுரு, தலை நிமிராமல்.
எதைச் சொன்னானோ.

இரவு மழை. நூறாம் இலக்க பஸ்.
நான் வெள்ளவத்தையில் இறங்கவேண்டியவள் இல்லை.
இறங்கினேன்.
தகட்டில் இரும்பு அடிக்கிற சத்தம்
காலி வீதி ஹோர்ன்களுக்கு மேலால் கேட்டது.
தொப்பி போட்டதில் டினுஷன் வேறு ஆள் போல இருந்தான்.
"ஒரு மரக்கறிக் கொத்து."
"உறைப்புக் கூடவோ, குறையவோ?"
எல்லாரையும் கேட்பது போலவே கேட்டான்.
குறைய என்றேன். குழம்பு இரண்டு பை வைத்தான்.
மிச்சக் காசு தரும்போது மட்டும்
"வியாழன் இருப்பீங்களோ?"
"ரெண்டிலிருந்து அஞ்சு."
"நாலுக்கு முதல் வாறன்."

அறைக்கு வந்து பையைத் திறந்தால்
ஒரு குழம்புப் பை வெடித்து
கொத்து, குடை, அவன் படிவம் எல்லாம் மஞ்சள்.
காரணம் கேட்ட வரியில்தான் கூட.
வியாழன் புதிதாக ஒன்று எடுக்கவேணும்.
படிவம் கொடுக்கிற யன்னல்
மூன்றரைக்குப் பூட்டிவிடும்.